ஆர்ஓஎம் வெறும் கையெழுத்தா? கல்யாணம் பற்றிய உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

சிங்கப்பூரில் சில வருடங்களாக ஆர்ஓஎம் (திருமணப் பதிவகம்) திருமணங்களை நடத்தி வைக்கிறேன். வக்கீல் இல்லை. நீங்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மகன் இப்போது ஆர்ஓஎம் செய்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து பிடிஓ (அரசாங்கம் முன்பதிவின்பேரில் கட்டித் தரும் புது வீடு) சாவி வந்ததும் தாலி கட்டுகிறேன் என்கிறான். ஆர்ஓஎம் வெறும் கையெழுத்துதானே அங்கிள்?

பதில்: இல்லைம்மா. 1961ல் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சட்டப்படி அதுதான் கல்யாணம். பெருமாள் கோவிலில் தாலி கட்டி ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போனாலும் பதிவு இல்லையென்றால் செல்லாது. ஆனால் நம் வீடுகளில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே பெண் அவள் அம்மா வீட்டுக்கு, பையன் அவன் வீட்டுக்கு. அப்புறம் மண்டபம், நகை, சாப்பாடு என்று ஏதோ ஒன்றில் சண்டை வந்து, "கல்யாணத்தை நிறுத்திடலாம்" என்று பெரியவர்கள் கிளம்புவார்கள். நிறுத்த என்ன இருக்கிறது, அதுதான் ஏற்கனவே ஆகிவிட்டதே! விவாகரத்து கேட்கப் பொதுவாக மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம், அதற்கும் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும். வீட்டுக்காகத்தான் இந்த அவசரம் என்றால், நிச்சயித்த ஜோடியாகவே வீவகவில் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விண்ணப்பிக்கலாம், சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் காட்டினால் போதும். பதிவையும் தாலியையும் ஒரே நாளில் மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு சாப்பாடு கிடைக்கும்.

கேள்வி: பிடிஓவுக்குக் குத்தகை ஒப்பந்தமே போட்டாச்சு, இப்போது அவரைப் பிடிக்கவில்லை. பணம் போய்விடுமே என்று அம்மா அழுகிறார்.

பதில்: போகும் தங்கச்சி, விலையில் 5 விழுக்காடு. 4 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள வீடு என்றால் 20,000, மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டும். வலிக்கும்தான். ஆனால் ஹோட்டல் விருந்துக்கு இதைவிட அதிகம் கொட்டிவிட்டு மறந்துபோகிற ஆட்கள்தானே நாம். அம்மாவிடம் அந்தக் கணக்கையும் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 35, கல்யாணத்தில் விருப்பமில்லை. கடைசிவரை அப்பா அம்மா வீட்டில்தானா?

பதில்: ஏன்? 2024 அக்டோபரிலிருந்து தனி ஆட்களும் எந்தப் பேட்டையிலும் புது ஈரறை ஃபிளெக்சி (வீவகவின் சிறிய வீடு) வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்து வருமான வரம்புக்குள் வந்தால். குலுக்கலில் வர வேண்டும், அதுதான் பாடு. "எப்போ சாப்பாடு போடப்போற" என்று கேட்கும் அத்தைகளைப் புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிடுங்கள்.

கேள்வி: மாமியாருடன் ஒரே வீட்டில் முடியாது. தூரமாகப் போனால் கணவருக்கு வருத்தம்.

பதில்: 4 கிலோமீட்டர்! மறுவிற்பனை வீடு வாங்கும் தம்பதிக்கு, பெற்றோருடன் சேர்ந்திருந்தால் 30,000 வெள்ளி மானியம், 4 கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000. அந்த 10,000 வெள்ளி வித்தியாசத்தில் நீங்கள் நிம்மதியை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்காவும் அத்தானும் சண்டையில்லாமல் பிரிய நினைக்கிறார்கள். யார் மேலாவது பழி போட்டே ஆகணுமா?

பதில்: வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இருவரும் ஒத்துக்கொண்டு பிரியலாம். ஏன் பிரிகிறோம், சேர்ந்து வாழ என்ன முயன்றோம், பிள்ளைகளுக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று எழுதித் தர வேண்டும். இன்னும் சேர வாய்ப்பிருப்பதாக நீதிமன்றம் நினைத்தால் மறுத்துவிடும். மூன்று வருடக் கணக்கு இதற்கும் உண்டு.

கேள்வி: ஆர்ஓஎம் அன்று வேட்டியா, கோட்டா?

பதில்: உங்கள் இஷ்டம் தம்பி. அடையாள அட்டையையும் 21 வயது நிறைந்த இரண்டு சாட்சிகளையும் மறக்காதீர்கள்.