ஆய் மட்டும் அடக்கும் குழந்தையைக் கழிப்பறைக்குப் பழக்குவது எப்படி?

3 வயதுக் குழந்தை சிறுநீருக்குக் கழிப்பறைக்குப் போகிறது. ஆய் வந்தால் மட்டும் டயப்பர் கேட்டு அழுகிறது, கொடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாள் அடக்கிவிடுகிறது என்கிறீர்கள். இது பிடிவாதம் அல்ல. பெரும்பாலும் ஒருமுறை இறுகிப்போய் வலித்திருக்கும், அந்தப் பயம்தான்.

அடக்க அடக்க மலத்திலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும். மலம் இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மங்கிவிடும். அப்போது இறுகிய மலக்கட்டியின் ஓரமாக இளகிய மலம் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள். காலைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் விறைத்து நிற்பது முக்குவது போலத் தோன்றும், உண்மையில் அடக்குகிறது.

ஆகவே முதலில் மலம் இளக வேண்டும், பழக்கம் அப்புறம். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். கொய்யா, பப்பாளி, கீரை, போதிய தண்ணீர் கொடுங்கள். போதாவிட்டால் மருத்துவர் லாக்டுலோஸ் போன்ற மருந்து தருவார். நாலு நாள் நன்றாகப் போனதும் அதை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. விரிந்த குடல் பழையபடி சுருங்க மாதங்கள் ஆகும்.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலை, இரவு உணவுக்குப் பின் 5 நிமிடம் உட்காரவையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க முடியாது. மணை வைத்து முழங்காலை இடுப்புக்குச் சற்று மேலே உயர்த்துங்கள். வராவிட்டாலும் உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள். டயப்பர் கேட்டால் கொடுங்கள், கழிப்பறைக்குள் நின்றபடி போகட்டும். பிறகு டயப்பரோடு உட்காரட்டும். அடியும் மிரட்டலும் கூடவே கூடாது. மலத்தில் ரத்தம், வாந்தி, வயிறு உப்பல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.