பாட்டு நடுவே "அம்மா, ஒண்ணுக்கு!"

வாசகர் கேள்விகள்: இந்த இதழில் கொயரில், அதாவது சர்ச்சின் பாடகர் குழுவில், பாடுகிற அம்மாக்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டதால் பதில்களும் அதைச் சுற்றியே.

ஞாயிறு ஆராதனையில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் வரிசை) பாடுகிறேன். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. அப்பாவோடு நாலாவது பெஞ்சில் உட்காருவார்கள். இரண்டாவது பாட்டுக்குள் சின்னவள் ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள். போன மாதம் "அம்மா, ஒண்ணுக்கு!" என்றது மைக்கில் விழுந்து சபை முழுக்கக் கேட்டுவிட்டது. கொயரை விட்டுவிடலாமா?
- வாசகி, தேவகோட்டை

விட வேண்டாம், பெஞ்சை மாற்றுங்கள். அம்மா கண்ணுக்குத் தெரிகிறாள், கைக்கு எட்டவில்லை என்றால் மூன்று வயதுப் பிள்ளை உட்காராது. நாலாவது பெஞ்சு சரியாக அந்தத் தூரம். ஒன்று, கொயர் பக்கமாக முதல் பெஞ்சுக்கு வரட்டும். இல்லையென்றால் தூணுக்குப் பின்னால், உங்களைப் பார்க்கவே முடியாத இடத்துக்குப் போகட்டும். முதல் பெஞ்சை மூன்று வாரம் பார்த்துவிட்டு அப்புறம் தூணுக்குப் போகலாம்.

நீங்கள் வரிசையின் ஓரத்தில் நில்லுங்கள். நடுவில் நின்றால் அவள் நாலு பேரின் சேலை மடிப்பைக் கலைத்துக்கொண்டுதான் உங்களிடம் வருவாள். வந்துவிட்டால் "போ, போ" என்று கண்ணைக் காட்டாதீர்கள், அழுகை அங்கேதான் ஆரம்பிக்கும். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டைத் தொடருங்கள். மைக் எந்தப் பக்கமோ அதற்கு மறு இடுப்பில். இடுப்பில் ஏறிய பிள்ளையின் வாயும் உங்கள் வாயும் ஒரே உயரத்தில் இருக்கும். போன மாதம் நடந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு அடியில் இருக்கிற வாயை வாங்குகிற ஸ்டாண்டு மைக், மூன்று அடிக்கு அப்பால் இருப்பதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆகவே மைக்கை, உயர்ந்த குரலில் பாடுகிற சொப்ரானோ பெண்கள் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள்.

வேண்டாம் என்று அவள் சொன்னாலும் ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்பு கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் அப்பா கையில் இருக்கட்டும்.

தின்பண்டத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் எப்போதும் இருப்பது சீப்பு சீடை, தேன்குழல், கைமுறுக்கு. எல்லாமே கடித்தால் சத்தம் வருபவை. மௌன ஜெபத்தில் ஒரு சீப்பு சீடை போதும், பத்து பெஞ்சு திரும்பும். வெள்ளைப் பணியாரம் மெத்தென்று இருக்கும், ஆனால் அந்த எண்ணெய் விரல் அடுத்துப் போவது பாட்டுப் புத்தகத்துக்கு. விதை நீக்கிச் சிறிதாக நறுக்கிய பேரீச்சம்பழம், நாலு துண்டாக்கிய கந்தரப்பம், இவை தாங்கும். வேர்க்கடலை வேண்டாம், ஓடுகிற அழுகிற வயதில் தொண்டையில் சிக்கும். எவர்சில்வர் டப்பாவும் வேண்டாம். கல் தரையில் அதன் மூடி விழுந்தால், சுற்றிச் சுற்றி ஓயும் வரை பிரசங்கம் காத்திருக்க வேண்டும்.

மூத்தவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். கீபோர்டுக்காரருக்குப் பக்கம் புரட்டுகிற பொறுப்பு வந்துவிட்டால் ஆறு வயதுக்காரன் அசையமாட்டான்.

எங்கள் கொயரில் பெண்கள் ஒன்பது, ஆண்கள் ஐந்து. சுருதியை ஒரு கட்டையில் (ஸா கீபோர்டின் 'சி'யில்) வைத்தால் பெண்கள் பாடுவது பாதி கேட்பதில்லை. ஐந்து கட்டைக்கு ஏற்றினால் ஆண்கள் கத்துகிறார்கள். நடுவில் மூன்று கட்டை வைத்துப் பார்த்தோம், இரண்டு பக்கமும் புகார். என்ன செய்வது?
- வாசகி, கோட்டையூர்

கட்டையில் தொடங்குவதுதான் தவறு. தனியாகப் பாடுகிறவர் தன் ஸட்ஜத்துக்குத் தகுந்த கட்டையைப் பிடிப்பார். கூட்டமாகப் பாடும்போது பார்க்க வேண்டியது மெட்டின் மேல் உச்சியையும் கீழ்க் கடைசியையும். ஒரே கட்டையில் ஒரு பாட்டு சுகமாக இருக்கும், அடுத்த பாட்டு கழுத்தைப் பிடிக்கும்.

கீபோர்டில் நடு 'சி'யைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேல் வரும் அடுத்த 'சி'யைத் தாண்டி ஒரு வெள்ளைக் கட்டை போனால் 'டி'. பெண்களுக்கு உச்சி அங்கே நிற்க வேண்டும், ஆண்கள் தாமாகவே ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். கீழ்க் கடைசி, நடு 'சி'க்குக் கீழே இருக்கிற 'ஏ'. இந்த எல்லைக்குள் பாட்டை உட்கார வைப்பதே வேலை. மெட்டு மேல் ஸா வரை மட்டும் போனால் இரண்டு கட்டை, அதாவது ஸா 'டி'யில். மேல் ரி தொட்டால் ஒரு கட்டை. மேல் கா வரை ஏறினால், நடு 'சி'க்குக் கீழே இருக்கிற ஆறரைக் கட்டைக்கு ('பி ஃபிளாட்') இறங்க வேண்டும். மேலும் ஏறிக் கீழ்ப் பஞ்சமத்துக்கும் இறங்குகிற மெட்டு இரண்டு எல்லைக்கும் அடங்காது. அப்போது கீழ் எல்லையை விட்டுக்கொடுங்கள். தாழ்ந்த ஸ்வரம் கேட்காமல் போகும், அவ்வளவுதான். உயர்ந்த ஸ்வரம் உடைந்தால் சபை திரும்பிப் பார்க்கும். தாழ்ந்த வரியை ஆண்களிடமே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

விடியற்காலை ஆராதனை என்றால் எல்லாவற்றையும் அரைக் கட்டை குறையுங்கள். எழுந்து ஒரு மணி நேரம் ஆகாத தொண்டை மேலே ஏறாது.

ஆல்டோ சொப்ரானோவோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நன்றாகப் பாடுகிற ஆல்டோவை முன்வரிசையில் நிறுத்துவதால் வருகிற வினை இது. அவரைப் பின்னால் நிறுத்துங்கள், தடுமாறுகிறவர் அவருக்கு நேர் முன்னால் நிற்கட்டும். குரல் பின்னாலிருந்து காதில் விழும்போதுதான் பிடித்துக்கொள்ள முடியும். பயிற்சியில் முதலில் வார்த்தைகளைத் தாளத்தோடு பேச்சாகச் சொல்லுங்கள், அடுத்து ஆல்டோ மட்டும், அதன்பிறகு இரண்டு பார்ட்டும் சேர்ந்து கீபோர்டு இல்லாமல். சொப்ரானோவை முதலில் பாட விட்டால் அந்த மெட்டு எல்லார் காதிலும் உட்கார்ந்துவிடும், பிறகு ஆல்டோ நிற்காது.

நீண்ட பிரசங்கத்துக்குப் பிறகு பாட்டுத் தொடங்கும்போது எங்கள் கீபோர்டு செத்துக் கிடக்கிறது. போட்டவுடன் வேறு சுருதியில் ஒலிக்கிறது. பழுதா?
- வாசகி, காரைக்குடி

பழுதில்லை. பல கீபோர்டுகள் 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் மின்சாரத்தைச் சேமிக்கத் தாமே அணைந்துவிடும். மறுபடி போடும்போது டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பூஜ்யத்துக்குப் போய்விடுவதால்தான் சுருதி மாறுகிறது. செட்டிங்கில் 'ஆட்டோ பவர் ஆஃப்' என்பதை நிறுத்தி வையுங்கள். சில மாடல்களில் கடைக்கோடி இடது கட்டையை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் அது நின்றுவிடும். அது தெரியும் வரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு கட்டையைத் தொட்டுவிடுங்கள்.

கொயர் பிள்ளைகள் பக்கத்தில் விளையாடுவார்கள் என்றால் 'டெமோ' பட்டன் மேல் ஓர் அட்டைத் துண்டை டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஜெபத்தின் நடுவே டிஸ்கோ தாளம் எழுந்தால் எந்தப் பட்டனில் நிற்கும் என்று அந்த நேரம் யாருக்கும் ஞாபகம் வராது.

பழைய வீட்டுப் பட்டாலையில் (பெரிய கூடத்தில்) பயிற்சி செய்கிறோம். அங்கே பிரமாதமாக இருக்கிறது, கோயிலில் பாடினால் மெலிந்து போகிறது.
- வாசகி, கானாடுகாத்தான்

சுண்ணாம்புச் சாந்து பூசிய வழவழச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை. மூன்றும் சத்தத்தை விழுங்காமல் திருப்பி அனுப்புகிறவை. எதிரொலி ஒத்தாசை செய்வதால் யாரும் மூச்சைச் செலவழிப்பதில்லை, எழுத்துகளும் குழைகின்றன. ஆள் நிறைந்த கோயிலில் துணிமணியும் உடம்புகளும் சத்தத்தைக் குடித்துவிடும். தரையில் இரண்டு சமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் கனமான போர்வை தொங்கவிட்டுப் பாடிப் பாருங்கள். கடைசி ஒத்திகையை வளவில், வானம் தெரிகிற முற்றத்தில் வையுங்கள். அங்கே குரலுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

மகள் அமெரிக்காவில் யூட்டாவில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் மார்மன் சபையைச் சேர்ந்தவர், நாலு பிள்ளைகளின் தாய், சபைக் கொயரில் பாடுகிறார். மகளையும் பாட அழைத்திருக்கிறார். நாங்கள் சைவக் குடும்பம், பாடுவதில் எங்களுக்குத் தடையில்லை. டிசம்பரில் அந்தக் குடும்பம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்க வருகிறது. காப்பியே குடிக்க மாட்டார்களாமே? என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

மார்மன் என்பது வழக்கில் வந்த பெயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர், அந்தப் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு மகிழ்ச்சி. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது.

யூட்டா, கொயர் என்றதும் யூடியூபில் பார்க்கிற பெரிய குழுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது சால்ட் லேக் சிட்டியின் டேபர்நேக்கிள் கொயர். 360 பேர், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, பின்னால் 11,623 குழல் கொண்ட ஆர்கன், 1929 முதல் வாராவாரம் ஒலிபரப்பு. மகள் போகப் போவது 'வார்டு' எனப்படும் பகுதிச் சபையின் கொயர். அங்கே ஊழியம் செய்கிற யாருக்கும் சம்பளமில்லை. கொயரை நடத்துகிறவரும் வாரநாளில் வேறு வேலை பார்க்கிற ஒருவராகத்தான் இருப்பார். சீருடை அங்கி கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற நல்ல உடை போதும். 1985இல் வந்த அவர்களுடைய பாட்டுப் புத்தகத்தில் 341 பாட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் எவ்வளவு வேகத்தில் பாடலாம் என்று எண்ணில் போட்டிருக்கும். மகளுக்கு மேற்கத்திய நோட்டு வராவிட்டாலும் அந்த எண்ணை, தாளத்தைத் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் ஆப்பில் வைத்து வீட்டில் பழகலாம்.

ஆராதனை ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு இன்னொரு மணி நேரம் வகுப்புகள். 2019க்கு முன்பு மொத்தம் மூன்று மணி. முதல் மணி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரோடுதான் உட்காருவார்கள். 18 மாதம் நிறைந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற நர்சரி இரண்டாவது மணியில்தான். பாடும் நேரத்தில் அந்த அம்மாவுக்கு ஒத்தாசை கணவர் மட்டுமே. கொயர் நிற்கிற மேடை சபையைப் பார்த்தபடி இருக்கும். நாலு பிள்ளைகளும் செய்கிற அத்தனையும் அவர் கண்ணெதிரே நடக்கும். ஒருவன் தம்பியின் ஷூவைக் கழற்றுவான், இன்னொருத்தி தின்பண்டத்தை வரிசையாக அடுக்குவாள். வாயோ பாடிக்கொண்டிருக்கும், அதட்ட முடியாது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். நல்லவேளையாக ஒரு பாட்டு மூன்று நான்கு நிமிடம்தான். பாட்டு முடிந்து யாரும் கைதட்டாவிட்டால் மகள் வருத்தப்பட வேண்டாம், ஆராதனையில் அங்கே கைதட்டும் வழக்கமில்லை.

இனி உங்கள் வீட்டு விருந்து. காப்பி, டீ, மது, புகையிலை நாலும் கிடையாது. 1833இல் வந்த உபதேசம் அது. சூடோ குளிரோ, காப்பி காப்பிதான், ஆகவே பில்டரைப் பூட்டி வைத்துவிடுங்கள். சுக்குமல்லிக் காப்பியில் காப்பித்தூள் சேர்க்கவில்லை என்றால் பெயரில் மட்டும்தான் காப்பி. என்ன போட்டது என்று சொல்லிக் கொடுங்கள், முடிவு அவர்களுடையது. பால், மோர், பானகம், இளநீர், நன்னாரி சர்பத் எல்லாம் தாராளமாக. அசைவத்துக்கு அவர்களிடம் தடையில்லை. சைவ வீட்டில் அந்தப் பேச்சே தேவையில்லை, பிள்ளைகளுக்கு மட்டும் மிளகாயைப் பாதியாக்குங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெரியவர்கள் இரண்டு வேளை உணவும் நீரும் விட்டு நோன்பிருப்பது வழக்கம். இலை போடுவதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதையும் தவிர்ப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் பார்க்க ஆசைப்பட்டால் சனிக்கிழமையே கூட்டிப்போய்விடுங்கள்.

ஐந்து வயதுப் பேரன் "பரிசுத்தர்" வருகிற இடத்திலெல்லாம் "பரிசு தர்றார்" என்று உரக்கப் பாடுகிறான். முன்பெஞ்சே சிரிக்கிறது. "ஸ்தோத்திரம்" என்பதை "தோத்துட்டோம்" என்கிறான். எப்படித் திருத்துவது?
- ஓர் அப்பத்தா, புதுவயல்

அவன் காதில் விழுந்ததைத்தான் பாடுகிறான். வேகமான மெட்டில் நாம் இரட்டித்த எழுத்தை விழுங்கிவிடுகிறோம், 'சுத்' என்பது 'சு' ஆகிறது. மெட்டை விட்டுவிட்டு "ப-ரி-சுத்-தர்" என்று கைதட்டிச் சொல்லிக் கொடுங்கள், நாலு தட்டு. உங்கள் வாயை அவன் பார்க்கும்படி எதிரே உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஐந்து முறை. 'ஸ்தோ' அந்த வயது நாக்குக்குக் கஷ்டம், "தோத்திரம்" என்று சொன்னாலே போதும். சிரிக்கிற முன்பெஞ்சிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சிரிப்பு கிடைக்கிற வரைக்கும் அவன் அந்த வார்த்தையை விடமாட்டான்.