திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதை அகச்சிவப்பு ஒளி எப்படிக் காட்டுகிறது?

எல்சிடி திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் தண்ணீர் போல ஓடும். ஆனால் அதன் குச்சி போன்ற மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கும்.

மூலக்கூறின் ஒவ்வொரு பிணைப்பும் தனக்கென்று ஒரு வேகத்தில் அதிர்கிறது. அகச்சிவப்பு ஒளியின் மின்புலம் அந்த அதிர்வின் திசையிலேயே இருந்தால்தான் ஒளி நன்றாக உறிஞ்சப்படும். ஊஞ்சலை முன்னும் பின்னும் தள்ளினால் ஆடும், பக்கவாட்டில் தள்ளினால் ஆடாது அல்லவா, அப்படித்தான்.

5சிபி என்ற திரவப் படிகத்தில் கார்பன்-நைட்ரஜன் முப்பிணைப்பு குச்சியின் நீளவாக்கிலேயே இருக்கிறது. ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் வடிகட்டியை மெல்லத் திருப்பினால், எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று காட்டும் வரைபடத்தில் அந்தப் பிணைப்புக்குரிய முகடு உயர்ந்து தாழ்வது கண்ணெதிரே தெரியும்; அத்தனை அழகு! அப்புறம் சுமார் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குங்கள்: எப்படித் திருப்பினாலும் முகடு அசையாது. ஒழுங்கு கலைந்துவிட்டது.

பலர் நினைப்பதுபோல் இது ஒவ்வொரு மூலக்கூறையும் படம் பிடிப்பதில்லை. கிடைப்பது கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரித் திசைதான்.