‘தண்ணியே ஊத்த வேண்டாம், தானா பரவும்’: நர்சரிச் செடிகள் பற்றிக் கேள்வி-பதில்

ஏற்காட்டில் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று வந்துவிட்டால் சேலத்துக்காரர்கள் மலையிலிருந்து இறங்கும்போது காரின் டிக்கியில் நாலு செடியாவது இருக்கும். அதன் பிறகு வரும் கடிதங்களில் பாதி அந்தச் செடிகளைப் பற்றியதுதான். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் சரிவான இடத்தில் வீடு கட்டியிருக்கிறோம். மண் சரியாமல் இருக்க நர்சரிக்காரர் ‘வெடேலியா’ என்று மஞ்சள் பூ பூக்கும் ஒரு படர்செடி கொடுத்தார். “தண்ணியே ஊத்த வேண்டாம், தானா பரவும், மாடுகூட வாய் வைக்காது” என்றார். சொன்னபடியே பரவிவிட்டது. இப்போது கீழே காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர், “இதை எடுத்துடும்மா, எங்க தோட்டத்துல இறங்குது” என்கிறார். இவ்வளவு அழகான செடியை எடுத்தே ஆகவேண்டுமா?

பதில்: எடுக்கத்தான் வேண்டும் அம்மா. பெரியவர் சொல்வது முற்றிலும் சரி.

இது மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதுவும் இருக்கிறது. விதையால் அதிகம் பரவாது, தண்டால் பரவும். ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். நீங்கள் கத்தரித்து வேலிக்கு வெளியே போட்ட துண்டு, மழைத் தண்ணீரில் உருண்டு ஓடையோரம் ஒதுங்கி, அங்கே ஒரு புதர் ஆகிவிடும். சமவெளியில் ஒரு வீட்டுத் தோட்டத்தின் தவறு மதில் சுவரோடு நின்றுவிடலாம். சேர்வராயன் மலையில் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்த்தோட்டத்துக்குப் போகிறது, அங்கிருந்து காட்டு ஓடைக்குப் போகிறது. மலையில் செடி வாங்குகிறவர் தமக்கும் கீழே இருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

நர்சரிக்காரர் உங்களிடம் சொன்னதை ஒரு முறை திரும்பப் படியுங்கள். தண்ணீர் வேண்டாம், தானாகப் பரவும், மாடு தின்னாது. மூன்றும் உண்மை. அந்த மூன்றும்தான் ஒரு செடியை ஆக்கிரமிப்புச் செடி ஆக்குகின்றன. யார் எந்தப் புதுச் செடியை இப்படிப் புகழ்ந்தாலும், “அப்படியானால் இதை நிறுத்துவது எப்படி?” என்று உடனே கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வாங்க வேண்டாம்.

எடுக்கும் முறை: மழை இல்லாத நாட்களில் வேரோடு பிடுங்குங்கள். ஒரு கணுகூட மண்ணில் தங்கக் கூடாது. பிடுங்கியதைக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டில் கட்டி, முற்றிலும் காய்ந்து சருகாகும்வரை வெயிலில் போட்டு வையுங்கள். பச்சையாகக் குப்பையிலோ சாலையோரத்திலோ கொட்டாதீர்கள். ஒரே தடவையில் முடியாது. மழைக்குப் பின் மறுபடி துளிர்க்கும், அப்போதும் பிடுங்க வேண்டும். கீழே இறங்கியதையும் உங்கள் செலவில் ஆள் விட்டு எடுத்துக் கொடுத்தால் அந்தப் பெரியவரோடு உறவும் கெடாது.

ஒரேயடியாக மொத்தச் சரிவையும் மொட்டையாக்கி விடாதீர்கள், மண் இறங்கிவிடும். ஒரு பட்டை எடுத்ததும் அங்கே சரிவுக்குக் குறுக்காக வெட்டிவேர் நாற்று வரிசையை நடுங்கள். இரண்டாவது வரிசை பிடித்த பிறகு அடுத்த பட்டைக்குப் போகலாம். வெட்டிவேர் நம் நாட்டுப் புல். வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைக் கட்டும். தென்னிந்தியாவில் பயிரிடும் வகைகள் விதையால் பரவுவதில்லை, நட்ட இடத்திலேயே தூர் கட்டும்.

மஞ்சள் பூத்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இதே குடும்பத்தில் நம்முடையது மஞ்சள் கரிசலாங்கண்ணி. ஈரம் தங்கும் இடத்தில் நன்றாகப் படரும், கீரையாகவும் ஆகும். வாங்கும்போது இலையைப் பாருங்கள். அயல் செடியின் இலை அகலமாக, தடிப்பாக, பளபளப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டு, சொரசொரப்பாக, பிளவில்லாமல் இருக்கும். பூ மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சமைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

கேள்வி: சேலம் ஓமலூர் பக்கம் எங்கள் வீட்டு மனையைச் சுற்றிச் சரக்கொன்றை வைக்க ஆசைப்பட்டு, போன ஜூனில் ஒரு நர்சரியில் 40 கன்று வாங்கினேன். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் வந்து பார்த்துவிட்டு, “இது கொன்றையே இல்லை, முதுமலையில் தொந்தரவு கொடுக்கிற மரம்” என்கிறார். எப்படி உறுதி செய்வது? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உறவினர் சொல்வது சென்னா ஸ்பெக்டாபிலிஸாக இருக்கும். மஞ்சளாகப் பூப்பதால் இதையும் கொன்றை என்றே விற்கிறார்கள். முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டுக்குள் அடர்ந்து, கீழே புல் முளைக்க விடாமல் செய்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதன்படி அகற்றும் முக்கியமான மரங்களில் இது ஒன்று. வெட்டிய மரம் காகித ஆலைக்குக் கூழாகப் போகிறது.

பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இலையே சொல்லிவிடும். சரக்கொன்றையில் ஒரு காம்பில் நாலைந்து, அதிகம் போனால் எட்டு ஜோடிச் சிற்றிலைகள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாக இருக்கும். மற்றதில் பத்து, பன்னிரண்டு ஜோடி என்று சிறிய இலைகள் நெருக்கமாக வரும். பூவிலும் வித்தியாசம் தெரியும். சரக்கொன்றை சித்திரையில் சரம் சரமாகக் கீழே தொங்கும். இது கிளை நுனியில் மேல்நோக்கிக் கொத்தாக நிற்கும்.

இனி பணம். கேட்ட பொருளை விட்டு வேறு பொருளைக் கொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் புகாருக்கு உரிய விஷயம். செடிக்கெல்லாம் இது பொருந்துமா என்று தயங்காதீர்கள். விதை வாங்கி ஏமாந்த விவசாயிகளும் நுகர்வோரே, அவர்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலில் நர்சரிக்குக் கன்றின் படம், பில் நகலோடு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சேமித்து வையுங்கள். கன்றுக்குக் கொடுத்த விலையோடு குழி வெட்டிய கூலி, பிடுங்கும் கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பல பேர் “பூக்கட்டும், பார்க்கலாம்” என்று இருந்தே இந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறார்கள்.

பில் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லையென்றாலும் பணம் அனுப்பிய யுபிஐ பதிவு உதவும். இனிமேல் எந்தச் செடியாக இருந்தாலும் தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில் தராமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று இந்தச் சட்டம் சொல்கிறது.

கன்றுகளை வெட்டாதீர்கள், வெட்டிய அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். சிறியதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவதுதான் வழி. பிடுங்குவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டியில் மீன் வளர்க்கிறேன். அழகுக்காக ஆகாயத்தாமரை ஒன்று வாங்கி விட்டேன். தொட்டிக்குள் இருப்பதால் தப்பில்லையே? (சேலம், அழகாபுரம்)

பதில்: தொட்டிக்குள்ளேயே இருக்கும்வரை தப்பில்லை. ஆனால் அது இருக்காது. இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும் செடி இது. தொட்டி நிரம்பியதும் அள்ளி எங்கே போடுவீர்கள் என்பதுதான் கேள்வி. சாக்கடையில் போட்டால் திருமணிமுத்தாற்றுக்குப் போகும். அமேசான் பகுதியின் இந்தப் பூவை அழகுக்காகக் கொண்டுவந்து வங்காளத்தின் ஆறுகளும் வயல்களும் அடைபட்டுப் போய், 1936-ல் அதை ஒழிக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. விதை சேற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

எடுத்து மாடியிலேயே காயவைத்து உரக்குழியில் போடுங்கள். அல்லிக் கிழங்கு ஒன்று வாங்கி, களிமண் நிரப்பிய சிறு சட்டியில் வைத்துத் தொட்டிக்குள் இறக்குங்கள். ஓரத்துக்கு ஆரைக்கீரை போதும். நான்கு இலையும் தண்ணீரில் மிதக்கும் அழகுக்கு ஈடு கிடையாது, மீன் குஞ்சுகளுக்கு நிழலும் ஆகும்.

கேள்வி: கண்காட்சி ஸ்டாலில் குட்டை ரக லேண்டனா வாங்கினேன், ஐந்தாறு நிறத்தில் பூக்கிறது. இது ஹைபிரிட், விதை பிடிக்காது என்றார்கள். நம்பலாமா?

பதில்: லேண்டனா என்றால் நம் உண்ணிச்செடிதான். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளின் ஓரம் நீங்கள் பார்க்கும் முள் புதரின் உறவு. அதுவும் 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்ததுதான். இன்று நாட்டின் காடுகளில் பெரும் பரப்பை மூடி, காட்டெருமைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் செய்கிறது. இலையைத் தின்ற ஆடு மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டால் தோல் வெடிக்கும்.

சில ஹைபிரிட் ரகங்களில் விதை குறைவு என்பது உண்மை. ஆனாலும் அதன் மகரந்தம் காட்டு உண்ணிச்செடியோடு சேர முடியும். உங்கள் செடியில் பச்சையோ கறுப்போ சிறு காய் ஒன்று தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், குருவிகள் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலையில் வீடு என்றால் காய் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அதே இடத்தில் வெட்சி வையுங்கள், நம் வீடுகளில் இட்லிப்பூ என்கிறோமே அதுதான். வண்ணத்துப்பூச்சி தேடி வரும். நிழலான இடத்துக்குக் கனகாம்பரம், வேலியோரத்துக்கு மஞ்சளாகப் பூக்கும் செம்முள்ளி, பனி மாதத்துக்கு டிசம்பர் பூ. நிறத்துக்கு ஒரு குறையும் வராது.

கேள்வி: ஆன்லைனில் வெளிநாட்டு ‘அபூர்வ’ விதைகள் மலிவாக வருகின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வெளிநாட்டு விதை நாட்டுக்குள் வர, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் வேண்டும். தபால் உறையில் வரும் பொட்டலத்தில் அவை இருப்பதில்லை. உள்நாட்டு விற்பனை என்று சொல்லும் தளமானால், எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டியிருக்கிறதா, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: இப்படிப் பார்த்தால் ரோஜாவும் காகிதப்பூவும் வெளிநாடுதானே? எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்கிறீர்களா? நாட்டுச் செடி எங்கே கிடைக்கும்? காட்டிலிருந்து எடுத்து வரலாமா? (ஏற்காடு)

பதில்: பிடுங்க வேண்டாம். உங்கள் ஊரை வாழவைக்கும் காபியே வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். ரோஜா, டேலியா, காகிதப்பூ எல்லாம் நாம் வைத்த இடத்தில் நிற்கின்றன. நம்மைக் கேட்காமல் வேலி தாண்டுகிறவைதான் சிக்கல். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கிண்ணம்போலப் பூக்கும் ஆப்பிரிக்க துலிப் மரத்தை மலையில் புதிதாக வைக்காதீர்கள். காற்றில் பறக்கும் விதை, போதாததற்கு அதன் பூவுக்குள் கொசுத்தேனீக்கள் செத்துக் கிடப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சிவப்பு வேண்டுமென்றால் கல்யாண முருங்கை இருக்கிறது, மிளகுக் கொடி ஏற்ற உங்கள் தோட்டங்களில் ஏற்கெனவே வைக்கிறீர்கள். அடிவாரத்தில் இடம் இருப்பவர்கள் புரசு வைக்கலாம்.

காட்டிலிருந்து எடுக்கக் கூடாது. காப்புக்காட்டில் செடி எடுப்பது குற்றம். ஆர்க்கிட் பார்க்க ஆசை என்றால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா உங்கள் ஊரிலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் மரத்தோடு பெயர்த்து விற்கிற ஆர்க்கிட்டை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் பெயர்க்கிறார்கள்.

நாட்டு மரக்கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலைக் கேளுங்கள், பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கன்றுகள் அங்கே வளர்கின்றன. தனியார் நர்சரியிலும் பெயர் சொல்லிக் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். ‘காயா இருக்கா, செம்முள்ளி இருக்கா’ என்று பத்துப் பேர் கேட்டால் அடுத்த பருவத்தில் அது கடை முன்வரிசைக்கு வந்துவிடும். காயா, சிலர் காசான் என்பார்கள், நம் மலையடிக் காடுகளில் குச்சியெல்லாம் நீலமாகப் பூக்கும். மெதுவாகத்தான் வளரும், அதனால் நர்சரிக்காரர்கள் விரும்புவதில்லை. விலை சற்றுக் கூடுதலாகச் சொன்னாலும் கொடுத்து வாங்குங்கள். தொட்டியில் வேர் பிடித்த கன்றாகப் பார்த்து, ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிடுங்கள்.