வாசகர் கேள்விகள்: எட்வர்ட் லியர் சுமந்து திரிந்த தாள்கள்

மாமல்லபுரத்தை வரைந்த வெளிநாட்டு ஓவியர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, எட்வர்ட் லியரின் பெயரை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வடசென்னை வாசகர்கள் பலர் கேள்வி அனுப்பியிருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

லியர் என்றால் சிறுவர்களுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதியவர் என்றுதான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். தாங்கள் குறிப்பிடும் ஓவியரும் அவரும் ஒருவர்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ராயபுரம்

ஒருவரேதான், அம்மா. ஆனால் அவருக்குச் சோறு போட்ட தொழில் ஓவியம். வேடிக்கைப் பாடல்கள், அவர் படம் வரையத் தங்கியிருந்த ஒரு பிரபுவின் மாளிகையில் இருந்த குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்காகத் தொடங்கியவை. அவை 1846இல் நூலானபோது அவர் தம் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் விக்டோரியா அரசிக்கு ஓவியப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டேன். ஓவியத்தை எங்கே கற்றார், எப்படிப் பிழைத்தார்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

1812இல் லண்டனை ஒட்டிய ஹாலோவேயில், இருபத்தொரு பிள்ளைகளில் இருபதாவதாகப் பிறந்தார். தந்தையின் பங்குவணிகம் நொடித்துப்போனது. அவரை வளர்த்தவர், அவரைவிட இருபத்தொரு வயது மூத்த அக்கா ஆன். சிறு வயதிலேயே வலிப்பு நோய் வந்து கடைசிவரை விடவில்லை. பதினைந்து, பதினாறு வயதிலேயே காசுக்குப் படம் வரைந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

பதினெட்டு வயதில், 1830இல், கிளிகளை மட்டுமே வரைந்து ஒரு நூல் வெளியிடத் துணிந்தார். பாடம் செய்து வைத்த பறவைகளைப் பார்த்து வரைவதே அன்றைய வழக்கம். லியரோ லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குப் போய், காவலர் உயிருள்ள கிளியைக் கையில் பிடித்துக்கொள்ள, சிறகையும் காலையும் அளந்து குறித்துக்கொண்டு வரைந்தார். பின்னர் அந்தப் படத்தை அச்சுக் கல்லின் மேல் தாமே மறுபடி தீட்டினார். 42 படங்கள், 175 பிரதிகள்; அவ்வளவு அச்சானதும் கல்லில் இருந்த படத்தை அழித்துவிடுவார். அச்சுக்கூலியும் வண்ணம் பூசுவோர் கூலியும் போனபின் அவர் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை என்றாலும், பிரபுக்களின் கதவுகளைத் திறந்துவிட்டது அந்த நூல்தான். அவர் வரைந்த கிளிகளுள் பிரேசில் நாட்டு நீல மக்காவ் ஒன்று தனி இனம் என்று பின்னாளில் கண்டறியப்பட்டு, இன்றும் லியர் மக்காவ் என்றே அழைக்கப்படுகிறது.

ஓவியத்தை எங்கே கற்றார் என்று கேட்டிருந்தீர்கள். அரசிக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர், தமக்கு மனித உருவம் சரியாக வரவில்லை என்ற குறை நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததால், 1850இல், தம் 37ஆம் வயதில், லண்டன் ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து வரைந்தார். அவரிடம் நான் பெரிதும் மதிக்கும் செயல் இது.

நோயாளியான ஒருவர் ஏன் இத்தனை நாடுகளில் அலைய வேண்டும்?
– வாசகர், திருவொற்றியூர்

நோய்தான் முதற்காரணம். லண்டன் குளிரும் புகையும் நுரையீரலுக்கு ஆகவில்லை. பறவைகளின் இறகை நுணுக்கி நுணுக்கி வரைந்ததில் கண்ணும் கெட்டது. 1837இல் ரோமுக்குப் போனவர், அதன்பின் நிலக்காட்சி ஓவியராகவே மாறி, இத்தாலி, கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் என்று சுற்றினார். சுகமான சுற்றுலா என்று எண்ணிவிட வேண்டாம். 1848இல் அல்பேனியாவில் அவர் வரைவதைப் பார்த்துச் சாத்தான் என்று கூச்சலிட்டார்கள். 1858இல், பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவில் ஒரு கூட்டம் வளைத்துக்கொண்டு, கைக்குட்டை வரை பறித்துக்கொண்டது.

பணத்தட்டுப்பாடும் தீரவில்லை. 1860களில், குளிர்காலச் செலவுக்காக அறுபது தாள்களை ஒன்றாகப் பரப்பி, எல்லாவற்றிலும் ஒரு வண்ணத்தைப் பூசி முடித்து, பிறகு அடுத்த வண்ணத்தைத் தொட்டு, விற்பனைக்கென்றே படம் செய்தார். அந்தப் படங்களுக்கு அவர் வைத்த பெயர் ‘கொடுங்கோலர்கள்’. அந்தப் பெயரிலேயே அவர் பட்ட வேதனை தெரிகிறது.

அவர் சென்னைக்கு வந்தாரா?
– வாசகர், மண்ணடி

வந்தார். இந்தியாவின் அரசப்பிரதிநிதியாக (வைஸ்ராய்) இருந்த நண்பர் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கியபோது அவருக்கு வயது 61. பல ஆண்டுகளாக உடனிருந்த பணியாளர் ஜார்ஜியோவும் வந்தார். வடக்கே டார்ஜிலிங் வரை போய்க் கஞ்சன்ஜங்காவை வரைந்துவிட்டு, 1874இல் தெற்கே சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றி, இலங்கைக்கும் போனார். அவர் பார்த்த சென்னைக்கு இன்று நம் பக்கத்தில் இருக்கும் துறைமுகம் கிடையாது; அதற்கான அலைதடுப்புச் சுவர் வேலையே அவர் போனபிறகுதான் தொடங்கியது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய காலம் அது.

ஊர் திரும்பியபின் கஞ்சன்ஜங்காவைப் பெரிய எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். அவை கம்பீரமானவைதாம். ஆனாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பென்சிலால் வரைந்த தாள்களில் இருக்கும் உயிர் அவற்றில் இல்லை என்பது என் கருத்து.

என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, எந்நேரமும் மீன்பிடித் துறைமுகத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். ஊர் ஊராகப் போய் வரையப் போவதாகச் சொல்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
– ஒரு தாயார், காசிமேடு

தடுக்க வேண்டாம், அம்மா. லியர் தாள்களை எப்படி நிரப்பினார் என்பதை மட்டும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். பென்சிலால் வேகமாகக் கோடு போடுவார். ஓரத்தில் வரிசை எண், ஊர், தேதி, மணி ஆகியவற்றைக் குறிப்பார். வண்ணம் பூச அங்கே நேரம் இராது. ஆகையால் எந்த இடத்தில் என்ன நிறம், அது பாறையா புல்லா என்று படத்துக்குள்ளேயே சொற்களால் எழுதிவிடுவார். பிறகு அறைக்குத் திரும்பி, அந்தச் சொற்களைப் பார்த்து, கோட்டின் மேல் மையை ஓட்டி வண்ணம் சேர்ப்பார். அப்படிச் சேர்த்த தாள்களை வைத்துக்கொண்டுதான், பத்து ஆண்டுகள் கழித்து யாராவது ஒரு படம் கேட்டாலும் அவரால் வரைந்து கொடுக்க முடிந்தது.

இதைப் படித்தபின் நானும் ஒரு விடியற்காலையில் காசிமேட்டில் முயன்று பார்த்தேன். ‘காலை 6.10. விசைப்படகின் பக்கம் நீலம், நீர்மட்டத்துக்குக் கீழே துருச் சிவப்பு. வலைக்குவியல் பச்சை, நனைந்த இடம் கறுப்பு. ஐஸ் பெட்டியிலிருந்து வழியும் நீரில் வானத்தின் வெளுப்பு.’ ஏலம் தொடங்கியதும் கூட்டம் மறைத்துவிட்டது; அதற்குமேல் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து வீட்டில் வண்ணப்பெட்டியைத் திறந்தபோது, அந்த நான்கு வரிகளே போதுமானவையாக இருந்தன. உங்கள் மகனின் நோட்டில் தேதியும் மணியும் இருக்கின்றனவா என்று இன்று மாலை பாருங்கள். இல்லையென்றால், அடுத்த பக்கத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள்.