காசியின் கரை

அன்புள்ள ஐயா,

அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். கங்கை காசியில் மட்டும்தான் வடக்கே திரும்புகிறது, அதனால்தான் அது புனிதத் தலம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா, வெறும் நம்பிக்கையா? எந்த மாதம் போகலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

கே.

அன்புள்ள கே,

அம்மாவை அழைத்துப் போவது நல்ல காரியம். ஆனால் காணொளி பார்க்க நேரமிருந்தவருக்கு வரைபடத்தைத் திறக்க நேரமில்லையா? பீகாரில் சுல்தான்கஞ்சிலும் கங்கை வடக்கேதான் ஓடுகிறது. அங்கே நீர் மொண்டுதான் காவடிக்காரர்கள் தேவ்கர் சிவன் கோயிலுக்கு நடக்கிறார்கள். திசை மட்டும் போதுமென்றால் அங்கேயும் ஒரு காசி எழுந்திருக்கும். உண்மையா நம்பிக்கையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. கொஞ்ச நாளாக மனதில் ஓடுவது அந்தக் கரை.

ஆறு வளையும்போது வெளிவளைவில் வேகம் கூடிக் கரையை அரிக்கும்; உள்வளைவில் வேகம் குறைந்து மணலைக் கொட்டும். காசி இருப்பது வெளிவளைவில். நியாயமாக என்றைக்கோ கரைந்திருக்க வேண்டிய ஊர். கரையவில்லை, ஏனென்றால் அந்தக் கரை வெறும் வண்டல் அல்ல. இறுகிய களிமண், உள்ளே சுண்ணாம்புக் கட்டிகள். வடக்கே 'கங்கர்' என்பார்கள். கையில் எடுத்தால் இஞ்சிக் கிழங்குபோல முண்டும் முடிச்சுமாக இருக்கும். வருணை ஆறு கங்கையில் கலக்கும் வடகோடி ராஜ்காட்டிலிருந்து தென்கோடி அஸி வரை ஊரைத் தாங்குவது இந்த மேடுதான். பழைய ஊர் ராஜ்காட் மேட்டில் இருந்ததை அகழாய்வு காட்டியது. 1887-ல் ரயில் பாலத்தைத் திறந்ததும் அதே இடத்தில்தான்.

எதிர்க்கரை உள்வளைவு, மணல். மழைக்காலம்தோறும் மூழ்குவதால் காசிக்கு நேர் எதிரே ஊர் எழவில்லை. அதனால்தான் படித்துறையில் நிற்பவருக்கும் உதயசூரியனுக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லை. அக்கரையில் செத்தால் கழுதைப் பிறவி என்பார்கள். அங்கே வீடு கட்டாதே என்று இதைவிடக் கறாராக யார் சொல்வது? 2021-ல் அந்த மணலில் சுமார் 5 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். மழை வந்தது, ஆறு அதை மூடிவிட்டது. புராணம் வேண்டாம், வளைவையாவது பார்த்திருக்கலாம்.

கரை கெட்டி என்பதற்காக எதையும் ஏற்றிவிட முடியாது. ஆபத்து வெள்ளம் ஏறும்போது அல்ல, வடியும்போது. ஆறு விறுவிறுவென்று இறங்கும். கரைக்குள் ஊறிய நீர் அப்படி இறங்காது. வெளியிலிருந்து முட்டுக்கொடுத்த நீர் போனதும், உள்ளே நிற்பது படிக்கட்டை ஆற்றுப் பக்கம் தள்ளும். பொடிமண்ணையும் அரித்துக்கொண்டு போகும். சிந்தியா கட்டம் என்ற படித்துறை 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கொஞ்ச காலத்திலேயே பாரம் தாங்காமல் இறங்கியது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் ரத்னேஸ்வர் கோயிலைப் படமெடுக்காதவர் இல்லை. ஏன் சாய்ந்தது என்றால் தாயின் சாபம் என்கிறார்கள். சரி, இருக்கட்டும்.

கங்கை ஏறினால் வருணை பின்னோக்கி ஓடும். ஒரு காலத்தில் அந்த நீர் மச்சோதரிக் குளத்தை நிரப்பி, ஊரின் தாழ்வுகள் வழியே சுற்றிக் கங்கையிலேயே விழும், நடுமேடு தீவாகிவிடும். அந்த அபூர்வ யோகத்தில் நீராடுவது பெரும் புண்ணியம் என்றார்கள். 1820-களில் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அதிகாரி நிலத்தடி வடிகால் கட்டிக் குளங்களை வற்றவைத்தார். மச்சோதரி இன்று ஒரு பூங்கா. யோகம் போயிற்று. வருணை பின்னோக்கி ஓடுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது அது கரையோர வீடுகளுக்குள் போகிறது.

மாதம் கேட்டீர்கள். ஆடி, ஆவணி வேண்டாம். அங்கே கங்கையின் அபாய மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 71.262 மீட்டர், 1978-ல் 73.901 வரை ஏறியது. அபாயத்தை நெருங்கினால் படகு நிற்கும், மணிகர்ணிகையில் சிதை மொட்டைமாடிக்கு ஏறும். வடிந்த பிறகு படிகளில் வண்டல் நிற்கும். ஈரம் காய்வதற்குள் பம்ப் வைத்து ஆற்று நீரையே பீய்ச்சி ஆற்றுக்குத் தள்ளுவார்கள், காய்ந்துவிட்டால் மண்வெட்டிதான்.

முழங்காலுக்கு ஒரு கணக்கு: நீர் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு படி கூடும். சித்திரையில் இறங்க வேண்டிய படிகள் அதிகம். கார்த்திகையில் வண்டல் போயிருக்கும், நீரும் அடிவரை இறங்கியிருக்காது. ஒரே ஒரு படித்துறையில் மட்டும் அம்மாவைக் கைப்பிடித்து இறக்குங்கள். மற்றதெல்லாம் படகிலிருந்தே.