லார்ப் ஆட்டத்தில் தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

கோலாலம்பூரில் நடக்கவிருக்கும் ஒரு லார்ப் ஆட்டத்திற்குப் பணம் கட்டிய பிறகு, ‘எது நேர்ந்தாலும் ஏற்பாட்டுக் குழு பொறுப்பேற்காது’ என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள், இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் ஆறு ஆண்டுகளாக இத்தகைய ஆட்டங்களை நண்பர்களோடு சேர்ந்து நடத்தியும் ஆடியும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாசகம் நியாயமற்றது. அதே சமயம், எல்லாப் பொறுப்பும் ஏற்பாட்டாளர்களின் தலையில்தான் என்று எண்ணி ஆட்டத்திற்குள் நுழைவதும் ஆபத்தானது. எவர் கண்ணுக்கு எது எட்டுகிறதோ அது அவருடைய பொறுப்பு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

லார்ப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அதற்குரிய உடையணிந்து, மணிக்கணக்கில் அந்தப் பாத்திரமாகவே பேசி நடமாடி, கதையைச் சேர்ந்து உருவாக்கும் ஆட்டம் இது. எழுதி வைத்த வசனமும் இல்லை, பார்வையாளர்களும் இல்லை. ஆகவே ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் ஐந்து காட்சிகள் நடந்துகொண்டிருக்கும். அவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய மனிதர் எவரும் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பினாங்கின் பாலிக் புலாவில் ஒரு பழத்தோட்டத்துப் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, 1943இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடப்பதாக எழுதிய கதையை இருபத்திரண்டு பேர் ஆடினோம். கங்காணி, கிராணி எனப்படும் தோட்டத்துக் கணக்கர், பால்மரம் வெட்டுபவர்கள், அவர்களின் குடும்பங்கள் எல்லாம் இருந்தன. இரண்டாம் நாள் மாலை, ஜப்பானியருக்காக ஆள் பிடிக்க வருபவர்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்திற்குள் நுழைந்து, சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டிய ஆண்களின் பெயர்களை வாசிக்க வேண்டும். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டதும், அவர்களில் ஏராளமானோர் திரும்பாததும் நம் வீடுகளில் கேட்டு வளர்ந்த செய்தி. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற எண்ணத்தாலும், எதிர்பாராத் திருப்பம் கெட்டுவிடக் கூடாது என்ற ஆசையாலும், அப்படியொரு காட்சி வரப்போகிறது என்பதை நாங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பெயர்கள் வாசிக்கப்பட்டபோது ஓர் ஆட்டக்காரி சுவரோடு ஒட்டி நின்று மூச்சுவிடத் திணறினார். அவருடைய தாத்தாவின் அண்ணன் அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாதவர். ஆள் பிடிப்பவராக நடித்த இளைஞர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். அந்தப் பெண் மிகச் சிறப்பாக நடிக்கிறார் என்று எண்ணித் தன் குரலை இன்னும் உயர்த்தினார். அந்தப் பெண்ணின் கைகள் நடுங்குவதைக் கவனித்த மற்ற இருவரும், ஏற்பாட்டாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஏற்பாட்டாளனாகிய நான் அப்போது சமையலறையில் அடுத்த காட்சிக்கான கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வெளியேறி ரம்புத்தான் மரத்தடியில் தனியே அமர்ந்திருந்ததை இருபது நிமிடம் கழித்துத்தான் அறிந்தோம்.

மறுநாள் காலை அனைவரும் உட்கார்ந்து பேசினோம். “அண்ணே, ஏதாவது தப்பா இருந்தா நீங்க நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்” என்றார் அந்த இளைஞர். முடியாவிட்டால் அந்தப் பெண்ணே சொல்லுவார் என்று நினைத்ததாக நான் சொன்னேன். “என்னால பேசவே முடியலண்ணே, எப்படிச் சொல்றது?” என்று அந்தப் பெண் கேட்டதற்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை.

நான் சமையலறையில் இருந்ததற்கு ஒரு கொள்கையும் காரணம். நார்வேயைச் சேர்ந்த லார்ப் படைப்பாளிகளான எய்ரிக் ஃபாட்லண்டும் லார்ஸ் விங்கோர்டும் 1999இல் வெளியிட்ட ‘டாக்மா 99’ என்ற அறிக்கை, ஆட்டம் தொடங்கிய பின் அதை எழுதியவர்கள் அதன் போக்கில் செல்வாக்குச் செலுத்தக் கூடாது என்கிறது. கதையின் போக்கு ஆட்டக்காரர்கள் கையில் இருக்க வேண்டும் என்ற அந்தக் கருத்து எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் கதைக்கான விதியை ஆட்களின் நலனுக்கும் நீட்டிக்கொண்டது எங்கள் பிழை. நம் தெருக்கூத்துக்காரர்கள் இதில் எங்களைவிடத் தெளிவானவர்கள். திரௌபதி துகிலுரியும் கட்டம் வரும்போது, ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி வணங்கிவிட்டுத் தொடரும் வழக்கம் அவர்களிடம் உண்டு. வேடம் கட்டியவரை வேடம் விழுங்கிவிடக்கூடிய இடம் எது என்பதை ஆடுபவர், பார்ப்பவர் அனைவரும் முன்பே அறிந்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் ஆட்டங்களில், எதிரில் இருப்பவரின் நிலை பற்றி ஐயம் எழுந்தால் எவரும் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டலாம். இது வெளிநாட்டு லார்ப் குழுக்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட சைகை. கட்டைவிரல் உயர்ந்தால் தொடரலாம். கை கிடைமட்டமாக ஆடினாலோ, கட்டைவிரல் தாழ்ந்தாலோ, பதிலே வராவிட்டாலோ அவரை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். பேச இயலாதவரிடம் பேச்சைக் கோராத முறை இது. கேட்கும் கடமை அருகில் இருப்பவருக்கு வந்துவிடுகிறது. சென்ற ஆண்டு அதே கதையை, காட்சிகளை முன்கூட்டியே அறிவித்து, மீண்டும் ஆடினோம். அந்தப் பெண்ணும் வந்திருந்தார். பட்டியலை வாசிக்கும்போது நடுவில் அந்த இளைஞர் சைகை காட்டினார், அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்தினார், வாசிப்பு தொடர்ந்தது.

ஆட்டக்காரர் மட்டுமே அறிந்தவையும் உண்டு. ஆஸ்துமா இருப்பதை மறைத்து ஒருவர் நுரைப்பஞ்சு வாள்களோடு நடக்கும் சண்டையில் ஓடினார். அவருடைய இன்ஹேலர் காரில் இருந்தது. அதை நாங்கள் எப்படி ஊகித்திருக்க முடியும்? மறுபுறம், பினாங்கு வெயிலில் கனத்த உடையோடு ஆடுபவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் எங்கே, அவசர உதவிக்கு 999ஐ அழைப்பவர் யார், பாத்திரம் ஏற்காமல் வெளியே நிற்பவர் யார் என்பவற்றுக்கு ஏற்பாட்டாளர்கள் எந்தக் கடிதத்தைக் காட்டியும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. அவர்கள் மறைத்து வைத்த ஒன்றுக்கு உங்கள் கையெழுத்து சம்மதமும் ஆகாது.

எனவே கையெழுத்திடுவதற்கு முன், கடுமையான காட்சிகள் எவை, ஆட்டத்தை நிறுத்தும் முறை என்ன, யாரிடம் போக வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் உடல்நிலையையும் தாங்க முடியாதவற்றையும் நீங்களும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் பதில் சொல்ல மறுத்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அந்த ஆட்டத்திற்குப் போகாதீர்கள்.